பாரலாய்டு பி-72: நாற்பது டிகிரிக்குக் கீழே நல்ல பசை

உடைந்த காபிக் கோப்பையின் பிடியை ஒட்டுவதற்குப் பசை தேடி இங்கே வந்திருந்தால், தயவுசெய்து வேறு கடை பாருங்கள். பாரலாய்டு பி-72 அதற்கு ஆகாது. சூடாகக் காபி ஊற்றிய சற்று நேரத்தில் பிடி உங்கள் கையிலும் கோப்பை உங்கள் மடியிலும் இருக்கும். நான் எழுதப்போவது, 2,000 ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்துவிட்டு வந்த பானைகளை ஒட்டுகிறவர்களுக்கு. அந்தக் கூட்டம் சிறியதுதான். ஆனால் கீழடிக்குப் பிறகு நம் ஊரில் அது பெருகிவருகிறது. பள்ளிக்கூடத்து ஆய்வக மேசையிலும் கல்லூரி வரலாற்றுத் துறையின் அலமாரியிலும் இப்போது ஒரு தட்டு ஓட்டாஞ்சில்லைப் பார்க்கிறேன். பக்கத்திலேயே ஒரு டியூப் உடனடிப் பசையையும் பார்க்கிறேன். அப்போதுதான் வயிற்றில் புளி கரைகிறது.

நான் தென் மாவட்டத்து அருங்காட்சியகம் ஒன்றில் 19 ஆண்டுகளாகப் பானை ஒட்டுகிறவள். பதவியின் பெயர் நீளமானது, வேலை இதுதான். இந்த 19 ஆண்டில் பி-72ஐக் கைவிட்டு இரண்டு முறை வேறு பசைக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கிறேன். இரண்டாவது முறை ஏன் போனேன், ஏன் வந்தேன் என்பதுதான் இந்த மதிப்புரை.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஓர் அக்ரிலிக் பிசின். எத்தில் மெத்தாக்ரிலேட் 70 பங்கும் மெத்தில் அக்ரிலேட் 30 பங்கும் சேர்ந்தது. பானைக்கென்று பிறந்ததல்ல, தொழிற்சாலைப் பூச்சுகளுக்கும் மைகளுக்கும் ஆக வந்ததை அருங்காட்சியகக்காரர்கள் தத்து எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வெகுகாலம் அக்ரிலாய்டு பி-72 என்று அழைத்தார்கள், ஆகவே பழைய அறிக்கைகளில் அந்தப் பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம். ராபர்ட் ஃபெல்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் பிசின்களை ஒளியிலும் வெப்பத்திலும் வாட்டிப் பார்த்து, எது எத்தனை காலம் தாங்கும் என்று வகுப்புப் பிரித்தார். 100 ஆண்டுக்கு மேல் தாங்கக்கூடியது முதல் வகுப்பு. பி-72 அந்த வகுப்பில் இருக்கிறது. 1986இல் ஸ்டீபன் கூப், அகழாய்வுப் பானைகளுக்கு இதைப் பசையாகப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கி எழுதினார். அதற்குப் பிறகு உலகத்தில் பானை ஒட்டும் மேசைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது வந்து சேர்ந்துவிட்டது.

விற்பனைக்கு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, கரைத்து டியூபில் அடைத்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்தில் அனுப்பத் தயங்குவார்கள். வந்து சேர்ந்தாலும் பசையின் விலையைவிடக் கூலி அதிகம். மற்றொன்று குருணை. வேகவைத்த ஜவ்வரிசியை உலர்த்தினால் எப்படி இருக்கும், அப்படிக் கண்ணாடிபோலத் தெளிந்த சிறு சிறு மணிகள். என் சிபாரிசு குருணைதான். ஒரு கிலோ வாங்கினால் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் பல ஆண்டுகள் வரும். உலர்ந்த இடத்தில் மூடி வைத்தால் கெடாது.

குருணையைக் கரைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் தடவை நான் குருணையை அப்படியே பாட்டிலில் கொட்டி அசிட்டோனை ஊற்றினேன். மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு கட்டி. மேலே தெளிந்த அசிட்டோன். நான்கு நாள் கிளறியும் கட்டி கரையவில்லை. பிறகு ஒரு மூத்த வேதியியலாளர் சொல்லிக் கொடுத்தார். பழைய மல் வேட்டித் துணியில் குருணையை மூட்டை கட்டி, அசிட்டோனில் மேல்பாதி மட்டத்தில் தொங்கவிட வேண்டும். பிசின் கரைந்து, கனமாகி, தேன் இறங்குவதுபோலத் தானாகக் கீழே இறங்கும். இரவு தொங்கவிட்டால் காலையில் துணி காலியாக இருக்கும். ஒட்டுவதற்கு எடைக்கு எடை, அதாவது 50 கிராம் குருணைக்கு 50 கிராம் அசிட்டோன். அதில் ஒரு சிட்டிகை சிலிக்கா தூளைச் சேர்த்தால் பசை ஓடாமல் நிற்கும். பழைய களிம்பு டியூபுகளைப் போன்ற வெற்று அலுமினிய டியூபுகள் கிடைக்கின்றன. பின்புறமாக நிரப்பி, வாலை மூன்று மடிப்பு மடித்து அழுத்திவிட்டால் சொந்த டியூப் தயார். தேதி எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.

இனி ஒட்டு. படித்தால் புரியாது என்றாலும் சொல்லிப் பார்க்கிறேன். கறுப்பு-சிவப்புக் கிண்ணம் ஒன்றின் இரண்டு சில்லுகள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அடிப்பக்கம் சிவப்பு, வாய்ப்பக்கம் கறுப்பு, உள்ளே முழுக்கக் கறுப்பு. உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் மண்ணின் கரகரப்புத் தெரியும், நடுவே சாம்பல் நிறக் கோடு. அந்த விளிம்பில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் ஒட்டு விலகி நிற்கும். மென்மையான தூரிகையால் துடைத்துவிடுகிறேன். இதே பிசினின் மெல்லிய கரைசலை ஒரு பூச்சு கொடுத்து உலரவிடுகிறேன். பிறகு ஒரு விளிம்பில் மட்டும், குண்டூசித் தலையைவிடச் சற்று கனமான ஒரு கோடு பசை. சில்லுகளைச் சேர்க்கிறேன், உடனே பிரிக்கிறேன். பலாச்சுளை பிரிக்கும்போது வருவதுபோல நூல் நூலாக இழை வரும். மறுபடி சேர்க்கிறேன். இப்போது இரண்டு விளிம்பிலும் பசை பரவியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால், சில்லு தன் இடத்தைத் தேடி மெல்ல நகர்வதும், ஓரிடத்தில் "டக்" என்று நிற்பதும் விரல் நுனிக்குத் தெரியும். சத்தம் கேட்காது, தெரியும். அதற்குப் பிறகு நகத்தை ஒட்டின் குறுக்கே ஓட்டிப் பார்க்கிறேன். தட்டக்கூடாது. தட்டினால் அது ஒட்டு இல்லை. சற்று நேரம் கையில் பிடித்திருந்துவிட்டு, சலித்த ஆற்றுமணல் நிரப்பிய தொட்டியில் சில்லைச் செருகி நிறுத்திவிடுவேன். புவி ஈர்ப்பு மேலிருந்து நேராக ஒட்டின் மீது இறங்கும்படி நிறுத்த வேண்டும். சாய்வாக நின்றால் இரவோடு இரவாக நழுவும்.

ஒரு காலத்தில் மணலுக்குப் பதில் அரிசி வைத்திருந்தோம். எலிகள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரே காலம் அது.

இந்தப் பசைக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஒட்டும் இடம் இல்லை, விடும் இடம். மூன்று ஆண்டுக்கு முன் 41 சில்லுகள் கொண்ட ஒரு பானையை ஒட்டி முடித்துக் காட்சிக்கு வைத்தோம். வயிற்றுப் பகுதியில் பெரிய ஓட்டை, அதை நிரப்பியிருந்தோம். அந்த நிரப்பலின் நடுவே தீவுபோல ஒரு சில்லு, பக்கத்துச் சில்லோடு சுண்டுவிரல் அகலத்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பானை வனையும் பக்கத்து ஊர் வேளார் ஒருவர் பேரப்பிள்ளைகளோடு பார்க்க வந்தார். எழுபதைக் கடந்தவர். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏம்மா, ஒட்டினது நீதானா?"

"ஆமாம் ஐயா."

"நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய். அந்தச் சில்லு மட்டும் படுத்துக் கிடக்கிறது."

எனக்குப் புரியவில்லை. விரலால் கண்ணாடியில் கோடு போட்டுக் காட்டினார். சக்கரத்தில் ஏறிய பானையில் குயவரின் விரல் ஓடிய வரி படுக்கையாகச் சுற்றிவர வேண்டும். உள்புறம் எட்டிப் பார்த்தால் மற்ற எல்லாச் சில்லிலும் அந்த வரி படுக்கையாக ஓடியது. தீவுச் சில்லில் மட்டும் மேலிருந்து கீழாகச் சரிந்தது. முப்பது நாள் அதோடு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது அவருக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

அன்று மாலையே பானையை எடுத்து, அந்த ஒட்டின் மேல் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே ஒரு சிறிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம். சில்லு வெல்லப் பாகிலிருந்து எடுப்பதுபோல நழுவிக் கையில் வந்தது. விளிம்பு பழைய விளிம்பாகவே இருந்தது. ஒரு துணுக்குக்கூடப் பெயரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தபோது, அது அந்த இடத்துச் சில்லே இல்லை, கழுத்துக்குக் கீழே இன்னோர் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வேளார் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பானையின் அளவே தப்பாகப் பதிவாகியிருக்கும். இதையே இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எப்பாக்ஸியால் ஒட்டியிருந்தால்? அது கரையாது, ஊறவைத்து உப்பவைத்துத்தான் பெயர்க்க வேண்டும், பெயரும்போது சுட்டமண்ணின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். சரியாக வெந்திராத பழைய பானைச் சில்லைவிட எப்பாக்ஸி பலமானது. அடுத்த முறை அடிபட்டால் ஒட்டு உடையாது, பானை புதிய இடத்தில் உடையும். பலமான பசை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நான் கண்ட பழைய ஒட்டுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தனிக் கட்டுரையாகிவிடும். அரக்கால் ஒட்டியவை இருக்கின்றன. ஆண்டுகள் போகப் போகக் கறுத்து, பானையின் மேல் தார் ஓடியதுபோல நிற்கும், எரிசாராயத்துக்கும் லேசில் அசையாது. செல்லுலோஸ் நைட்ரேட் பசை மஞ்சளாகிச் சுருங்கி, ஒட்டு தானாகவே விட்டுவிடும். தச்சர்களின் வெள்ளைப் பசை நம் வெயிலில் ஜவ்வாக இழுபடும். உடனடிப் பசை கரகரப்பான சில்லில் உள்ளே உறிஞ்சப்பட்டு, ஒட்டாமலும் போகாமலும் கறையாக நிற்கும். ஓரிடத்தில் கறுப்பு-சிவப்புப் பானையின் ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே சிவப்புக் காவி அடித்திருந்தார்கள். செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். நல்ல எண்ணத்தைப் பெயர்க்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

இப்போது குறைக்கு வருகிறேன். தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். பி-72 இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். 40ஐத் தொட்டால் உருகி வழியும் என்று பொருளில்லை. ஆனால் அதை நெருங்கும்போதே, எடை தாங்கும் ஒட்டுகள் மெல்ல மெல்ல நகரும். லண்டனிலோ பாரீசிலோ இருக்கும் அருங்காட்சியகத்தில் இது ஒரு செய்தியே இல்லை. கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்சாரம் போன மதியத்தில் இது செய்தி.

எனக்கு நேர்ந்தது ஒரு மே மாதம். ஆளின் இடுப்பளவு உயரமுள்ள தாழி ஒன்றின் மேல்பாதியை ஒட்டியிருந்தேன். கனத்த விளிம்பு, கட்டைவிரலைவிடத் தடித்த சுவர். தாழி காட்சிக்கூடத்தில் இல்லை, வைப்பறையில் இருந்தது. அங்கே குளிர்சாதனம் கிடையாது. சனி, ஞாயிறு மூடியிருந்தது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், தாழி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. விளிம்பில் மூன்று சில்லுகள் ஒரு விரற்கடை கீழே இறங்கி, ஒட்டு இழுபட்ட மிட்டாய்போல நீண்டிருந்தது. எதுவும் உடையவில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தபோது, ஒரு பெரியவரைத் தூக்கத்தில் சரியவிட்டுப் போய்விட்டோமே என்று தோன்றியது. பசையின் குறை என்று அன்று சொன்னேன். பசை 40 டிகிரி என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது. அதைப் படித்தும் தகரக் கூரையின் கீழ் வைத்தது நான்தான்.

கோபத்தில் அந்த ஆண்டு முழுவதும் பெரிய பானைகளுக்கு எப்பாக்ஸி பயன்படுத்தினேன். அது என் இரண்டாவது ஓட்டம். வேளார் வந்துபோன பிறகு, அந்த எப்பாக்ஸி பானைகளில் எத்தனை சில்லு படுத்துக் கிடக்கிறதோ என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்தேன்.

திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை, இதே குடும்பத்தின் பி-48என் என்ற பிசினையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அது இளகுவது ஏறக்குறைய 50 டிகிரியில். தனியாக வைத்தால் சற்று வெடுக்கென்று இருக்கிறது; பி-72 மூன்று பங்குக்கு அது ஒரு பங்கு என்று கலந்தால் பானைக்குப் பதமாக வருகிறது. வெயில் கடுமையான நாடுகளின் அகழாய்வு முகாம்களில் இந்தக் கலவை பழக்கத்தில் இருக்கிறது. நானும் இந்த விகிதத்தில் கரைத்து, அதே தாழியை அதே வைப்பறையில் மூன்று கோடை நிறுத்திப் பார்த்துவிட்டேன். தலை நிமிர்ந்தே நிற்கிறது. அசிட்டோனில் இதுவும் விட்டுக்கொடுக்கிறது. கூடவே தாழியின் உள்ளே விளிம்புக்குக் கீழே ஒரு வட்டத் தாங்கியும் கொடுத்திருக்கிறேன். முழு எடையையும் பசையின் தலையில் சுமத்துவது எப்படியும் நியாயமில்லை. நம் வீடுகளில் குடத்துக்குப் பிரிமனை வைப்பதில்லையா, அந்த யோசனைதான்.

மழைக்காலத்துக்கு வேறொரு தொந்தரவு. அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பசை பால்போல வெளுத்துவிடும். ஒட்டுக்குப் பலமும் குறையும். அந்த நாட்களில் காலை வேலையைத் தவிர்த்து, வெயில் தலைகாட்டிய பிறகு தொடங்குகிறேன். கோடையில் இதற்கு நேர்மாறு, டியூபின் மூக்கிலிருந்து விளிம்புக்கு வருவதற்குள் பசை தோல் கட்டிவிடும், ஒட்டுக்குள் காற்றுக் குமிழி நிற்கும். ஆகவே சித்திரை, வைகாசியில் பானை ஒட்டுவது அதிகாலையில் மட்டும். நம் பஞ்சாங்கத்தை அனுசரித்துத்தான் இந்த வெளிநாட்டுப் பிசின் வேலை செய்கிறது.

இதன் மற்ற உபயோகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டாலே மாவாக உதிரும், சரியாக வேகாத சில்லுகளுக்கு 3 முதல் 5 சதவீதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் மண் இறுகும். அவசரப்பட்டு உலரவிட்டால் பிசின் மேற்பரப்புக்கு ஏறி, எண்ணெய் பூசியதுபோல மினுக்கும். பிளாஸ்டிக் தாள் போர்த்தி மெதுவாக உலரவிட வேண்டும். பதிவெண் எழுதுவதற்கும் இதுவே. சில்லின் மூலையில் நகக்கண் அளவு ஒரு பூச்சு கொடுத்து, உலர்ந்ததும் அதன் மேல் மை. நேராக ஓட்டின் மேல் எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும். கீறல் எழுத்து உள்ள சில்லு என்றால் எழுத்துள்ள பக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழி எழுத்தில் ஒருவர் தம் பெயரைக் கீறி வைத்திருக்கும் சில்லின் மேலேயே நாம் நம் எண்ணை எழுதுவது அவமரியாதை என்பது ஒரு பக்கம். ஒளிப்படத்தில் எண் எழுத்தோடு கலந்துவிடும் என்பது மற்றொரு பக்கம். ஓட்டையை நிரப்பச் சுண்ணச்சாந்து வைக்கும் முன் விளிம்பில் இதைப் பூசிவிட்டால் சாந்தின் உப்பு ஓட்டுக்குள் இறங்குவது தடுக்கப்படும். நிரப்பிய இடத்தைப் பானையின் நிறத்துக்கு ஓர் இழை வெளிறலாகத் தீட்டுகிறேன். ஆறடி தூரத்தில் கண்ணை உறுத்தக்கூடாது, அரையடியில் பொய் சொல்லக்கூடாது. எங்கள் தொழிலில் இது எழுதாத சட்டம்.

உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொற்கை, அரிக்கமேடு மாதிரிக் கடலோர இடங்களிலிருந்து வரும் ஓடு வெளியே சுத்தமாக இருந்தாலும் உள்ளே உப்பைக் குடித்திருக்கும். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு கரைந்து, மறுபடி படிகமாகி, பானையின் தோலை உள்ளிருந்து தள்ளும். ஒரு மழைக்காலம் கழிந்து பார்த்தால் வழவழப்பான பரப்பு பொரிபோல உரிந்து தட்டில் கிடக்கும். அப்படிப்பட்ட சில்லை நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மானியின் அளவு இறங்கி நிலைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன் பி-72ஐப் பூசுவது, கொதிக்கும் பானையை மூடி அழுத்துவதற்குச் சமம். அதேபோல, பானைக்குள் என்ன சமைத்தார்கள் என்று ஆய்வகத்துக்கு அனுப்பப்போகும் சில்லில் எந்தப் பிசினும் படக்கூடாது, கழுவவும் கூடாது. முதலில் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஒட்டும் ஆசை பிறகு.

பீங்கானுக்கு இதைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்கிறார்கள். சீனப் பீங்கான் போன்ற உறிஞ்சாத, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்தும் உடைப்புகளில் பசைக்குத் தடிமன் இருந்தாலே ஒட்டு கோடாகத் தெரியும். அங்கே நீர்போல உள்ளே ஊறிச் செல்லும் தெளிந்த எப்பாக்ஸியைத்தான் பலர் விரும்புகிறார்கள். அது இறுகவே ஒரு வாரம் பிடிக்கும். அது வேறு கலை. என் கை அதில் பழகவில்லை, ஆகவே மதிப்பெண் போடமாட்டேன்.

பாதுகாப்புக்கு வருகிறேன். அசிட்டோன் விளையாட்டுப் பொருளல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு, ஊதுவத்தி, சுவாமி விளக்கு எதுவும் வேண்டாம். சரஸ்வதி பூசையன்று கருவிகளோடு அசிட்டோன் பாட்டிலுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டப்போன என் உதவியாளர் தம்பியை ஓடிப்போய்த் தடுத்தேன். தலைவலி வந்தால் எழுந்து வெளியே போங்கள். மெல்லிய ரப்பர் கையுறை அசிட்டோனில் எத்தனை நேரம் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சில வகை நனைந்த உடனே குழைந்து போகிறது.

மதிப்பெண் கேட்பீர்கள். சில்லு ஒட்ட, தனியாக, குளிர்சாதன வசதியுள்ள இடத்தில்: 10க்கு 9. நம் வைப்பறைகளில், தனியாக: 6. பி-48என் கலந்து, அதிகாலையில், கீழே தாங்கி கொடுத்து: மறுபடியும் 9. அந்த ஒரு மதிப்பெண், கரைத்து வைத்த பாட்டிலின் மூடி ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டு என் மணிக்கட்டைச் சோதிப்பதற்காகக் கழித்தது. மூடியின் புரியில் கொஞ்சம் வாசலின் தடவினால் திறக்கும் என்கிறார்கள். அது சில்லில் பட்டால் ஒட்டாது என்பதால் நான் இன்னும் இடுக்கியையே நம்புகிறேன்.

அந்த வேளார் போன மாதம் மறுபடி வந்தார். திருத்திய பானையைக் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். வரிகள் படுக்கையாக ஓடின. தலையை ஆட்டினார்.

"தண்ணீர் ஊற்றினால் நிற்குமா?"

"நிற்காது ஐயா. ஓட்டைக்கு வைத்த சாந்து ஊறிப்போகும்."

"பிறகு எதற்கு ஒட்டினாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார்.

இன்று பிற்பகல் வைப்பறை வெப்பமானி 37 காட்டியது. கத்திரி தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பி-72 மட்டும் போட்டு ஒட்டிய பழைய பானைகள் நான்கு மேல்தட்டில் இருக்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்குத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன், கீழ்த்தட்டுக்கு இறக்க.